முன்ஷி அப்துல்லாவும் நம் வியாபாரமும்

மலாய்ப் பாடம் படித்த நம் பிள்ளைகள் அநேகருக்கு முன்ஷி அப்துல்லாவின் பெயர் தெரியும். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அன்னாரைப் பெரியோர் போற்றுவதையும் அவர்கள் அறிவார்கள். ஆனால் அன்னாரின் பாட்டனார் நாகூரில் பிறந்து கப்பலேறி மலாக்கா வந்தவர் என்பதும், அன்னார் சிறு வயதில் இரண்டரை ஆண்டு தமிழ்ப் பள்ளியில் உட்கார்ந்து தமிழ் கற்றவர் என்பதும், வாழ்நாளில் பெரும் பகுதியை வியாபாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் அரசர்களுக்கும் நடுவே நின்று கடிதம் எழுதியும் பேச்சைப் பெயர்த்துச் சொல்லியும் கழித்தவர் என்பதும் நம்மவரில் பலர் கேள்விப்படாத விஷயங்கள்.

வாங்குவோர் ஓர் இனம், விற்பவர் ஓர் இனம், சட்டம் போடுபவர் வேறோர் இனம் என்று இருந்த ஊரில் ஒருவர் எப்படிப் பிழைத்தார், எதைக் கற்றார், எங்கே தவறினார் என்று அறிவது நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பெரிதும் பயன்படும். நாம் ஆலிம்களுமல்ல, சரித்திர பண்டிதர்களுமல்ல. கல்லாவில் உட்கார்ந்து நாலு ஜாதி மனிதரோடும் பேசிப் பிழைப்பவர்கள். அந்தக் கண்ணோடுதான் இந்தச் சரிதையைச் சொல்ல முன்வந்தோம்.

அன்னாரின் கொள்ளுப் பாட்டனார் யமன் தேசத்து அரபி. ஷெய்கு அப்துல் காதிர் என்பது அவர் பெயர். மார்க்கமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியராக இருந்த அவர் நாகூருக்கு வந்து தங்கி அங்கேயே மணம் முடித்தார். அவருக்கு நான்கு ஆண் மக்கள். பிற்பாடு நால்வரும் கீழைக் கடல் நாடுகளை நோக்கிப் புறப்பட்டார்கள். மூவர் தீவுகளின் பக்கம் போய்விட, முஹம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் இறங்கினார். அங்கே ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்துகொண்டார். லெப்பை என்ற பட்டமும் ஆச்சி என்ற விளிப்பும் எந்தக் கரையிலிருந்து வந்தவை என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விருவரின் மகன் அப்துல் காதிர். கொள்ளுப் பாட்டனாரின் பெயரே இவருக்கும். இவர் மலாக்காவின் உட்பகுதிகளுக்குப் போய் வியாபாரமும் செய்தார், மார்க்கமும் போதித்தார். மலாய் மொழியில் இவருக்கிருந்த திறமை வெள்ளைக்காரர் காதுக்கும் எட்டியது. சுமத்திராவின் சரித்திரம் எழுதிப் புகழ்பெற்ற மார்ஸ்டன் துரை இவரிடம் மலாய் கற்றதாக மகனார் எழுதியிருக்கிறார். டச்சுக்காரர்கள் இவரை அக்கம் பக்கத்து மலாய் நாடுகளுக்கு அனுப்பிப் பழஞ்சுவடிகளைத் திரட்டச் செய்தார்கள்.

இவருடைய மகனாக 1796-ம் ஆண்டில் மலாக்கா கம்போங் பாலியில் அப்துல்லா பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் மலாக்கா டச்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது. தாயார் ஸலாமா கடாரத்தைச் சேர்ந்தவர். அவருக்கு முன்பு பிறந்த நான்கு ஆண் குழந்தைகளும் தங்காமல் போக, ஐந்தாவதாகப் பிறந்த இந்தப் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள்.

பாட்டியார் பெரியாச்சி அந்தக் கம்போங்கில் பெயர்பெற்ற உஸ்தாதாக விளங்கினார். ஆணும் பெண்ணுமாகச் சுமார் 200 பிள்ளைகள் அவரிடம் குர்ஆன் ஓதினார்கள் என்று பேரர் எழுதுகிறார். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பெதற்கு என்று இன்றும் வாய் திறக்கும் சிலர் நம்மில் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவில் நம் குலத்துப் பெண்மணி ஒருவர் இருநூறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

ஓதல் ஒருவாறு தேறியதும் தகப்பனார் அப்துல்லாவைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். ஏன் தெரியுமா? அந்தக் காலத்து மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்தே வழக்கமாக இருந்தது. ஊர் நிறையத் தமிழ் வியாபாரிகள் இருந்தார்கள். கணக்கு வைக்கவும் அவர்களோடு பேசிப் பழகவும் தமிழ் தேவைப்பட்டது. தமிழ் வியாபாரத்தால் மலாக்காவில் பலர் செல்வந்தரானார்கள், ஆகவே பிள்ளைகளையும் அந்த மொழியைக் கற்க வைத்தார்கள் என்பது அன்னார் தரும் விளக்கம். வியாபாரம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியை ஊர் தானாகவே கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் முன்னோரின் கடைத்தெரு மலாய் மொழிக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிற்று என்பதற்கு அந்த மொழியே சாட்சி. கடை அங்கே கெடை ஆயிற்று. முதல் என்பது மோடல் ஆயிற்று. கப்பல் காபால் ஆகவும், பெட்டி பெத்தி ஆகவும் நின்றுவிட்டன. இந்தச் சொற்களை நாள்தோறும் நம் வாடிக்கையாளர் வாயில் கேட்கிறோம். அவை நம் பெரியவர்கள் விட்டுப் போன கால்தடங்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழுக்குப் பின் மலாய். தகப்பனார் மிகக் கண்டிப்பானவர். குர்ஆனைப் பிரதி எடுக்கச் சொல்வார். ஒரு புள்ளி, ஒரு குறி தவறினாலும் விடமாட்டார். மலாய் வீட்டு மொழிதானே, அதைக் கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் அந்தக் காலத்திலும் ஊராருக்கு இருந்தது. அப்துல்லாவின் வீட்டில் அந்த எண்ணத்துக்கு இடமில்லை. பேசத் தெரிந்த மொழியையும் உட்கார்ந்து கற்க வேண்டும் என்பதே அங்கே சட்டம்.

அந்தப் படிப்பு ஒருநாள் சோதனைக்கு வந்தது. கப்பல் நகுதா ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ளத் தகப்பனாரைத் தேடி வீட்டுக்கு வந்தார். தகப்பனார் வெளியே போயிருந்தார். பையன் தானே எழுதித் தருவதாகச் சொல்லி, வந்தவரிடம் விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, பத்திரத்தை முறையாக எழுதிக் கொடுத்தான். ஒரு வெள்ளி கூலி கிடைத்தது. அதுதான் அந்தப் பேனா சம்பாதித்துத் தந்த ஆரம்பக் கூலிகளில் ஒன்று.

இதை நாம் சிறிய காரியமாக எண்ணக் கூடாது. அந்நாளைய மலாக்காவில் கடன் கொடுப்பவர் ஒரு நாட்டார், வாங்குபவர் வேறு நாட்டார். பணம் ஸ்பானிய வெள்ளி. சரக்கோ பிக்குல், காத்தி, தாஹில் என்ற நிறையில் இருக்கும். 16 தாஹில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். தவணை எந்த மாதக் கணக்கில், சாட்சி யார், முத்திரை யாருடையது என்பதெல்லாம் பத்திரத்தில் தெளிவாக நிற்க வேண்டும். ஒரு தரப்பு ஒருவிதமாகவும் மறுதரப்பு வேறுவிதமாகவும் புரிந்துகொண்டால் சிநேகிதமும் போகும், முதலும் போகும். ஆகவே பத்திரம் எழுதுபவர் இரு தரப்பாரின் வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். அப்துல்லாவின் பிழைப்பு முழுதும் இந்த ஓர் அஸ்திவாரத்தின் மேல்தான் எழுந்தது.

மலாக்காக் கோட்டையில் அப்போது இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களுக்கு இவர் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். அவர்களிடமிருந்து இவர் ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். முன்ஷி என்ற பெயரை இவருக்கு இட்டவர்கள் அந்தச் சிப்பாய்களே. கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. மாணவனிடமிருந்தே பாடம் கற்கத் தெரிந்தவருக்கு ஆசிரியர் என்ற பட்டம் நிலைத்தது.

1810-ம் ஆண்டு முடிவில் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டில் ஜாவாவின் மேல் படையெடுக்க ஆங்கிலேயர் ஆயத்தம் செய்து வந்த காலம் அது. சுற்றிலுமுள்ள அரசர்களுக்குக் கடிதம் எழுதவும் சுவடிகளைப் பிரதி எடுக்கவும் ராபிள்ஸ் எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களில் வயதில் இளையவர் அப்துல்லா.

மலாய் அரசருக்கு எழுதும் கடிதம் இலேசான காரியமன்று. உச்சியில் அரபி வாசகம் ஒன்று பொருத்தமாக நிற்க வேண்டும். அதன்பின் பெறுபவரின் தகுதிக்கேற்ற புகழ்மொழிகள் வரிசையாக வரவேண்டும். முத்திரையை எந்த இடத்தில் பதிப்பது என்பதிலேயே எழுதுபவர் உயர்ந்தவரா, பெறுபவர் உயர்ந்தவரா என்பது அடங்கிவிடும். அரசனின் கடிதத்தை மஞ்சள் துணியில் பொதிந்து, குடை பிடித்து, ஊர்வலமாக எடுத்துச் செல்வார்கள். அரசனுக்குரிய மரியாதை அவன் கடிதத்துக்கும் உண்டு. விஷயத்தை மட்டும் இரண்டு வரியில் எழுதி அனுப்புவது ஆங்கிலேயருக்குச் சுறுசுறுப்பு. மலாய் அரசருக்கோ அது அவமரியாதை. ராபிள்ஸ் இதை அறிந்து நடந்தார். அவர் கடிதங்களுக்கு அரசர்கள் செவி கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கும் முந்திய நாட்களில் மலாக்கா மக்கள் ஆங்கிலேயரை எப்படி எண்ணினார்கள் என்பதையும் அப்துல்லா சொல்லுகிறார். கப்பல் வந்து நின்றால் குடிபோதையில் மாலுமிகள் தெருவில் ஆடித் திரிவார்கள். வீட்டுக் கதவுகள் எல்லாம் அடைபடும். வெள்ளைக்காரன் என்றால் புலி என்று பிள்ளைகள் நடுங்குவார்கள். கரையில் இறங்கிய நாலு குடிகாரரைக் கொண்டு ஒரு ஜாதி முழுதையும் ஊர் அளந்துவிட்டது. பிறகு வந்த கற்றவர்களோடு பழகியபோதுதான் அந்த அளவு சரியல்ல என்று அன்னாருக்குத் தெரிந்தது.

1815-ம் ஆண்டில் மில்ன் முதலிய கிறிஸ்தவப் பாதிரிமார் மலாக்காவுக்கு வந்தார்கள். 1818-ல் அவர்கள் ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அஸ்திவாரம் இட்டார்கள். அப்துல்லா அவர்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத் தொழிலும் கற்றார். பாதிரிகளிடம் போனால் ஈமான் போய்விடும் என்று ஊரார் கலங்கினார்கள். தகப்பனாரும் முதலில் சம்மதிக்கவில்லை. அப்துல்லா பாதிரி என்று கேலிப் பெயர் வைத்தவர்களும் உண்டு. ஆனால் அன்னார் முஸ்லிமாகவே வாழ்ந்து, முடிவில் ஹஜ்ஜுப் பயணத்திலே உயிர் நீத்தார். பிறர் வீட்டு வழக்கத்தை அறிந்துகொள்வது வேறு, தன் வீட்டைக் கைவிடுவது வேறு.

பாதிரிமாரில் தாம்சன் என்பவரோடு அன்னாருக்கு ஏற்பட்ட வாக்குவாதம் நமக்கு நல்ல பாடம். தாம்சன் தம் வேத நூல்களை மலாயில் பெயர்த்தார். சொற்கள் மலாய்ச் சொற்களே. ஆனால் வாக்கியம் இங்கிலீஷ் நடையில் நின்றது. மலாய்க்காரர் இப்படிச் சொல்லமாட்டார்கள், கேட்பவருக்குப் பொருள் விளங்காது என்று அப்துல்லா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பாதிரியார் தம் பிடியை விடவில்லை. நூல் அச்சேறிய பின் ஊரார் குறை சொன்னதோ முன்ஷியைத்தான். கற்றுக் கொடுத்தவர் இவர்தானே, இவருக்கே மலாய் தெரியாதோ என்று பேசினார்கள். அந்தப் பழியைத் துடைக்கவே அன்னார் தம் நூலில் இதை நீளமாக எழுதி வைத்தார்.

1819-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கொடி ஏறியது. சுல்தான் ஹுஸைனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமங்கோங்குக்கு 3,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக உடன்படிக்கை. சில மாதங்களில் அப்துல்லாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். சீனர், பூகிஸ்காரர், அரபிகள், நம்மவர், ஆங்கிலேயர், யூதர், அர்மேனியர் என்று பல இனத்தாரும் குவிந்த ஊர். கடிதம் எழுதுவதற்கும், பேச்சைப் பெயர்த்துச் சொல்வதற்கும், மலாய் கற்பிப்பதற்கும் அன்னாருக்கு ஓய்வில்லாத வேலை இருந்தது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை வியாபாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சுல்தானும் தெமங்கோங்கும் தங்களுக்குக் கிடைக்கும் தொகை போதவில்லை என்ற நிலையில் இருந்தார்கள். ராபிள்ஸ் ஒரு யோசனை சொன்னார். இருவரும் வியாபாரத்தில் இறங்கலாம், கிடங்கு கட்டித் தருவோம், வங்காளத்திலிருந்து சரக்கு வரவழைத்துத் தருவோம், நம்பிக்கையான ஆளை வைத்து நடத்தினால் போதும் என்றார். ஆங்கிலேயர் கண்ணில் இது பெரிய உபகாரம். கை முதல் வேண்டாம், நஷ்ட பயம் இல்லை. வேறு என்ன வேண்டும்?

அவ்விருவரும் புன்னகை செய்து மறுத்துவிட்டார்கள். கடை வைத்து விற்பது அரசர் மரபன்று, மற்ற நாட்டு அரசர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்றார்கள். ராபிள்ஸின் முகம் சிவந்தது. வருமானம் தேடிக்கொள்வதில் என்ன இழிவு என்று அவருக்கு விளங்கவேயில்லை. இத்தனைக்கும் மலாய் மொழியிலும் வழக்கத்திலும் அவரைப்போல் தேர்ந்த ஆங்கிலேயர் சிலரே. கடிதத்தின் மரியாதை அறிந்தவருக்கு மானத்தின் இருப்பிடம் தெரியாமல் போயிற்று. ஆங்கில வியாபாரிக்கு வருமானமில்லாமல் இருப்பது வெட்கம். மலாய் அரசனுக்கு வருமானத்துக்காகக் கல்லாவில் உட்காருவது வெட்கம். இருவரும் ஒரே அறையில், ஒரே மொழியில் பேசிக்கொண்டார்கள். பேச்சு புரிந்தது, மனிதன் புரியவில்லை.

இந்தப் புரியாமை இரத்தத்தில் முடிந்ததும் உண்டு. ஸையித் யாஸீன் என்ற பகாங் வியாபாரி கடன் விஷயமாக வழக்கில் தோற்றார். பணம் கட்டாவிட்டால் சிறை என்பது ஆங்கிலேயர் சட்டம். ஸையித் வம்சத்தவரைக் கடனுக்காக அடைத்து வைப்பது அவருக்குப் பொறுக்க முடியாத அவமானமாகப் பட்டது. 1823-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, கடன் கொடுத்தவரைச் சந்தித்துத் தவணை கேட்பதாகச் சொல்லிக் காவலனோடு வெளியே வந்தார். மறைத்து வைத்திருந்த கத்தியால் காவலனைக் கொன்றார். தேடி வந்த ரெசிடெண்டு பர்குவாரையும் குத்திக் காயப்படுத்தினார். சிப்பாய்கள் அவரை அங்கேயே வெட்டிச் சாய்த்தார்கள்.

கொலை கொலைதான். அதற்கு நியாயம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அதன்பின் நடந்ததையும் பாருங்கள். ஊருக்குப் பயம் காட்டுவதற்காக ராபிள்ஸ் அந்தப் பிரேதத்தைக் கூண்டில் வைத்துத் தொங்கவிடச் செய்தார். மையித்துக்குரிய மரியாதை மறுக்கப்பட்டதைக் கண்டு மக்கள் மனம் கொதித்தது. அடக்கம் செய்த இடம் பிற்பாடு கராமத் என்று மக்கள் போய்வரும் இடமாயிற்று. குற்றவாளிக்குப் பயந்து அடங்குவார்கள் என்று செய்தது, குற்றவாளியைப் புனிதராக்கியது. இந்தச் சம்பவத்தை அப்துல்லா தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

1830-ம் ஆண்டில் சிங்கப்பூரில் பெருந்தீ மூண்டது. கடைவீதி எரிந்தது. அன்னாரின் உடைமைகளும் அதில் போயின. அந்தத் தீயைப் பற்றி ஒரு நீண்ட பாட்டே எழுதினார். 1835-ல் தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். சிறு வயதில் மலாக்காத் தமிழ்ப் பள்ளியில் கற்றது வீண் போகவில்லை.

1838-ம் ஆண்டில் அன்னார் கிளந்தானுக்குக் கடற்பயணம் போனார். அங்கே அரச வம்சத்தாருக்குள் சண்டை மூண்டு, சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்கும் மரக்கலங்களும் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தன. சிங்கப்பூர் அதிகாரிகள் கொடுத்த கடிதங்களைச் சேர்ப்பிக்கவும், பேச்சைப் பெயர்த்துச் சொல்லவும் இவரை அனுப்பினார்கள். பகாங், திரங்கானு வழியாகப் போய் வந்தார். கண்டதை எல்லாம் எழுதி வைத்தார்.

மாலை நேரத்துச் சந்தையில் பெண்கள் கடை பரப்பி விற்பதைக் கண்டார். கிளந்தான், திரங்கானு சந்தைகளில் இன்றும் வியாபாரம் பெண்கள் கையில்தான் என்பதை அங்கே போய்வரும் நம் ஜவுளிக்காரர்கள் நன்கு அறிவார்கள். அரசர்க்குரிய மஞ்சள் நிறத்தை மற்றவர் உடுத்தக் கூடாது, அரண்மனையைக் கடக்கும்போது குடை பிடிக்கக் கூடாது என்பன போன்ற தடைகளையும் குறித்தார். எல்லாவற்றிலும் அன்னாரை அதிகம் வருத்தியது ஒன்று. சாதாரணக் குடியானவன் கொஞ்சம் பொருள் சேர்த்துவிட்டால் அவனுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அரசனின் ஆட்கள் கடன் என்று கேட்பார்கள், திரும்பி வராது. ஆகவே பாடுபட்டுச் சேர்ப்பதில் ஜனங்களுக்கு ஊக்கமில்லை என்று எழுதினார். சோம்பேறித்தனம் என்று வெளியார் பழித்ததற்குள்ளே இப்படி ஒரு காரணம் இருப்பதைக் கண்டது அன்னாரின் கூர்மை.

ஆனாலும் அன்னாரின் தராசு நேராக நின்றது என்று நம்மால் சொல்ல முடியவில்லை. மலாய் அரசர்களின் குறைகளைத் தயங்காமல் எழுதிய அந்தப் பேனா, ஆங்கிலேயரைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் புகழ்ச்சியிலேயே ஓடியது. பிற்கால மலாய் அறிஞர் பலர் இதைக் குறை சொன்னார்கள். அவர்கள் கோபம் நியாயமானதே. சம்பளம் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. அவர்களுடைய ஒழுங்கு, அச்சுக்கூடம், பள்ளிக்கூடம் எல்லாம் கண்ணைப் பறித்தன. ஒரு சாராரின் படிக்கல்லை எடுத்து மறு சாராரின் சரக்கை நிறுத்தால் எடை எப்படிச் சரியாக வரும்? நடுவே நிற்பவருக்கு நேரும் பெரிய ஆபத்து இதுவே. படியளக்கும் கை எதுவோ அதன் பக்கம் மனம் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழும் அரபும் கலந்த வம்சத்தில் பிறந்து, மலாய் பேசி வளர்ந்தவர் அவர். மலாய்க்காரருக்கு வெளியாராகவும் தெரிந்தார், உள்ளாளாகவும் தெரிந்தார். உள்ளாள் திட்டினால் உரிமை, வெளியாள் திட்டினால் அவமதிப்பு. தாம் உரிமையோடு சொன்னதைக் கேட்பவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை அன்னார் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

1840-ம் ஆண்டில் மனைவியார் பிரசவ நோயில் காலமானார். மனமுடைந்து சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த நார்த் என்பவர் தூண்டியதன்மேல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதத் தொடங்கி 1843-ல் முடித்தார். அதுவே ஹிகாயத் அப்துல்லா. 1849-ல் அது கல்லச்சில் வெளிவந்தது. அரசர்களின் அற்புதக் கதைகளே நூலாக எழுதப்பட்டு வந்த மொழியில், சாதாரண மனிதன் தான் கண்டதையும் கேட்டதையும் தேதியோடும் பெயரோடும் எழுதலாம் என்று காட்டிய நூல் அது.

1854-ம் ஆண்டில் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். அந்தப் பயணக் குறிப்பையும் எழுதிக்கொண்டே போனார். அரபு நாடு சேர்ந்த அவ்வாண்டே மறைந்தார். அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுப்பானாக. மகனார் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி பிற்பாடு ஜோகூர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தார். நாகூரில் பிறந்த பாட்டனாரின் பெயரே அவருக்கும்.

சகோதரர்களே, இந்தச் சரிதையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? கடைக்கு வரும் மலாய்க்காரரிடம் வலக்கையால் கொடுத்து வலக்கையால் வாங்குகிறோம். விரல் நீட்டாமல் கட்டைவிரலால் இடம் காட்டுகிறோம். சீனப் பெருநாளுக்கு முன் தவுக்கேயின் பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும் என்று அறிந்திருக்கிறோம். அவர் வீட்டுக்குக் கடிகாரம் பரிசளிக்கக் கூடாது என்றும் தெரியும். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இவை கடிதத்தின் மேலுறை போன்றவை. ராபிள்ஸுக்கும் மேலுறையின் மரியாதை தெரிந்திருந்தது.

உள்ளே இருப்பது வேறு. எதிரே நிற்பவருக்கு எது மானம், எது அவமானம் என்பதே அது. பாக்கியை நாலு பேர் முன்னிலையில் கேட்டால் ஒருவர் அதைக் கணக்காக எடுத்துக்கொள்வார், மற்றொருவர் அதன்பின் நம் படி மிதிக்கமாட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் அது சம்மதம். இன்னொருவர் சொன்னால் அது மரியாதையான மறுப்பு. பாஷை தெரிந்தால் வார்த்தை விளங்கும். கூட உட்கார்ந்து, கலியாணத்துக்கும் துக்கத்துக்கும் போய்வந்து பழகினால்தான் இந்த வித்தியாசம் விளங்கும்.

அடுத்தது நம் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களில் பலர் இங்கிலீஷை நன்றாகப் பேசுகிறார்கள். மலாயைச் சந்தைப் பேச்சாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழை வீட்டிலேயே கைவிட்டு வருகிறார்கள். அப்துல்லாவின் தகப்பனார் தம் பிள்ளைக்கு ஓதலையும் தமிழையும் மலாயையும் வரிசையாகக் கொடுத்தார். பேசத் தெரிந்ததே போதும் என்று எந்த ஒன்றையும் விடவில்லை. நமக்கு அந்தத் தகப்பனாரை விட வசதி அதிகம், நேரமும் அதிகம். கடைக்கணக்கைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். எதிரே நிற்கும் மனிதனின் மனக்கணக்கை அது பார்த்துத் தராது.

கடைசியாக ஒன்று. நடுவே நிற்பவன் இரு பக்கத்துக்கும் நேர்மையாக இருக்க வேண்டும். பெரிய கம்பெனியாரிடம் சரக்கு எடுக்கிறோம் என்பதற்காக அவர்கள் கண்ணால் நம் வாடிக்கையாளரைப் பார்க்கக் கூடாது. வாடிக்கையாளர் நம்மவர் என்பதற்காகக் கம்பெனியாரின் ஒழுங்கைக் கேலி செய்யவும் கூடாது. அப்துல்லா ஒரு பக்கம் சாய்ந்ததை அன்னாரின் எழுத்தே நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. அந்தச் சாய்வையும் அறிந்துகொண்டு படித்தால் ஹிகாயத் அப்துல்லா நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு வாய்த்த பெரும் பொக்கிஷம். சங்கத்து இளைஞர்கள் அதை மலாயிலேயே படித்து, மாதம் ஓர் இரவு கடையடைத்த பின் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினால் இரு மொழியும் வளரும். இந்த யோசனையைச் சங்கத்தார் முன் வைக்கிறோம்.